நாகேஷைச் சிரிப்பு நடிகர் என்று மட்டும் சொல்லலாமா?

[திரையில்: இரவு நேரக் கூத்துக் களம். கட்டியக்காரன் நுழைகிறான்.]

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியக்காரனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவன்தான் களத்துக்கு முதலில் வருவான். திரைக்குப் பின்னால் நிற்கும் அரசனைக் கேள்வி கேட்டுச் சபைக்கு அறிமுகப்படுத்துவான். பிறகு அதே அரசனுக்குக் காவலனாகவும் தூதனாகவும் வேலைக்காரனாகவும் விடியும்வரை மாறிக்கொண்டே இருப்பான். சிரிக்க வைப்பது அவனுடைய பல வேலைகளில் ஒன்று மட்டுமே. நாகேஷின் நடிப்பையும் இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் அதன் முழு அளவு பிடிபடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: தாராபுரம்.]

1933ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் நாகேஷ் பிறந்தார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வளர்வது என்னவென்று ஓசூர்ப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மைத் தழும்பு விழுந்த முகம், ஒல்லியான உடல், சென்னையில் ரயில்வே எழுத்தர் வேலை என்று தொடங்கிய அவரை நாடக மேடைதான் இழுத்துக்கொண்டது. ஒரு நாடகத்தில் வயிற்றுவலி நோயாளியாகச் சில நிமிடங்களே வந்து துடித்த அவரை, அதைப் பார்த்த எம்.ஜி.ஆர். மனம்விட்டுப் பாராட்டினார். 1959இல் 'தாமரைக்குளம்' படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார்.

அவரை முழு நடிகராக வார்த்தது கே.பாலசந்தரின் நாடகங்கள். 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' ஆகிய மூன்றும் மேடையில் வெற்றி பெற்ற பிறகே படங்களாயின. மேடையில் ரீடேக் கிடையாது. வசனம் ஒரு நொடி தாமதமானாலும் சிரிப்பு போய்விடும், அழுகையும் போய்விடும். அந்தப் பயிற்சியின் பலனை 'நீர்க்குமிழி'யில் காணலாம். மருத்துவமனையையே கலகலப்பாக வைத்திருக்கும் ஒரு நோயாளி, தன் உயிர் நிலைக்காது என்ற நிலையிலும் அதே துள்ளலோடு நடமாடும்போது, சிரிப்பதா அழுவதா என்று பார்ப்பவர்தான் தடுமாறுகிறார்.

[திரையில்: 'காதலிக்க நேரமில்லை', 1964.]

இப்போது ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, தன் தந்தையாக நடிக்கும் டி.எஸ்.பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிறார். பேயையும் இருட்டையும் நாகேஷ் தன் வாயால் எழுப்பும் ஓசைகளாலும், கைகளாலும், திடீரென்று தாழ்ந்து திடீரென்று எகிறும் குரலாலும் மட்டுமே உண்டாக்குகிறார். மற்ற பாதி, பேச்சே இல்லாமல் வெளிறிக்கொண்டு போகும் பாலையாவின் முகத்தில் நடக்கிறது. பாலையாவும் நாடகக் கம்பெனியில் உருவானவர் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவருக்கு இடம் விட்டு நடிக்க இருவருமே மேடையில் கற்றிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது. ஆயிரம் பொன் பரிசுக்கு ஏங்கும் ஏழைப் புலவன் தருமி, கோயிலில் தனியாகப் புலம்புகிறான். எதிரில் பேசுவதற்கு ஆள் இல்லை. ஆசையில் துடிப்பதும், தனக்குக் கிடைக்காது என்று துவள்வதும், இறைவனிடமே முறையிடுவதும் மாறி மாறி வந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தோளும் முதுகும் கால்களுமே தருமியின் வறுமையைச் சொல்லிவிடும்.

[திரையில்: 'தில்லானா மோகனாம்பாள்', 'அபூர்வ சகோதரர்கள்', 'மகளிர் மட்டும்'.]

1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் வைத்தி, குழைந்து பேசியே குடி கெடுப்பவன். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அவர் முழு வில்லன். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். கண், குரல், நடை என்று தன்னிடமிருந்த கருவிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறர் தூக்கி நகர்த்தும் உடலாக மட்டும் இருந்தே காட்சியைத் தன்வசப்படுத்தினார். உடல் அடங்கினால்தான் இது முடியும்; அதற்குப் பல ஆண்டு மேடைப் பழக்கம் வேண்டும்.

அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 60ஐக் கடந்திருந்தது. 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'திருவிளையாடல்' வெளிவந்த காலத்தில் நடிகர்களுக்கென்று தேசிய விருதே தொடங்கப்படவில்லை. அது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. துணை நடிகருக்கான பிரிவு 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் வழங்கப்பட்டது. ஆனால் மாடிப்படிக்கடியில் வாழும் அநாதை மாதுவாக அவர் உருக வைத்த 'எதிர்நீச்சல்' வந்தது 1968இல். விருது தொடங்கிய பிறகு. அந்த நடிப்புக்கு அப்போதே தேசிய விருது கொடுத்திருக்க வேண்டும். நகைச்சுவை நடிகர் என்ற முத்திரை குறுக்கே நின்றது என்றே நான் கருதுகிறேன். 2009 ஜனவரி 31இல் அவர் மறையும்வரை பத்ம விருது ஒன்றுகூட அவருக்கு வழங்கப்படவில்லை.