ஆரஞ்சுப் பட்டை போட்ட பீப்பாய்

நேயர்களுக்கு வணக்கம்.

55 காலன் கொள்ளும் இரும்புப் பீப்பாய், அதைச் சுற்றி ஓர் ஆரஞ்சுப் பட்டை. வியட்நாம் போரில் அமெரிக்கா காடுகளின் மேல் தெளித்த களைக்கொல்லி இப்படித்தான் வந்து இறங்கியது. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற பெயரே அந்தப் பட்டையால் வந்தது. அதில் கலந்திருந்த 2,4,5-டி என்ற மருந்தைத் தயாரிக்கும்போதே டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் சேர்ந்துவிடும். 1962 முதல் 1971 வரை தெளித்தார்கள். பீப்பாயை உருட்டிய சிப்பாய்க்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஊர் திரும்பி, பிள்ளைகுட்டி பெற்று, பத்து இருபது ஆண்டு கழித்துத்தான் நோய் தலைகாட்டியது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் இயலாமை இழப்பீடு பெற வேண்டுமானால் மூன்றைக் காட்ட வேண்டும். இன்று நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் ஒன்று நடந்தது, அதனால்தான் இது வந்தது. காலில் குண்டு பட்டவருக்கு மூன்றும் ராணுவ மருத்துவமனைச் சீட்டிலேயே இருக்கும். நஞ்சு பட்டவருக்கு என்ன இருக்கிறது? எந்த நாளில் எவ்வளவு உள்ளே போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது அரசு, ஆதாரம் கேட்டதும் அதே அரசு. இந்த அநியாயம் பல ஆண்டுகள் நடந்தது. 1984இல் மருந்து தயாரித்த கம்பெனிகள் 18 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. அரசின் விதி அசையவில்லை.

அசைத்தது 1991இன் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம். வியட்நாமில் பணியாற்றியவர் மேல் நஞ்சு பட்டதாகவே கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள நோய் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பாரம் நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது. ஆனால் பட்டியல் மெல்லத்தான் வளர்ந்தது. இரண்டாம் வகை நீரிழிவு 2001இல் வந்தது. இதயத் தமனி நோயும் பார்க்கின்சனும் 2010இல். உயர் ரத்த அழுத்தம் 2022இல்தான். வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் ஆகிவிட வேண்டிய வேலைக்கு 31 ஆண்டு! கரையில் கால் வைக்காமல் கப்பலிலேயே இருந்தவர்களை வெகுகாலம் ஒதுக்கியே வைத்தார்கள். 2019இல் நீதிமன்றத் தீர்ப்பும் அதே ஆண்டுச் சட்டமும் வந்த பிறகுதான் சுமார் 12 கடல் மைல் வரை இருந்தவர்களுக்கு வழி பிறந்தது.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பேக்ட் சட்டம் எரிகுழிகளைத் தொட்டது. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் குழியில் போட்டு விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட நோய்கள் பட்டியலில் ஏறின. மூளைப் புற்றுநோய் அதில் உண்டு. அதே நோயை வியட்நாம் வீரர்களின் பட்டியலில் அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி நடைமுறை. முதலில் 'விண்ணப்பிக்க எண்ணம்' என்ற 21-0966 படிவத்தை அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம் கொடுத்துவிட வேண்டும். அன்றைய தேதி ஓராண்டுக்கு உங்களுடையது. அதற்குள் முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து அனுமதியானால் பொதுவாக அந்தத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். முழு விண்ணப்பம் 21-526ஈஇசட். கூடவே பணிவிடுப்புச் சான்றான டிடி-214, மருத்துவ ஆவணங்கள். எங்கே, எப்போது இருந்தார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் நோயின் பெயர். பட்டியல், நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைத் தருமே தவிர, நோயைத் தராது. 'மூச்சு வாங்குகிறது' என்று எழுதினால் போதாது. மருத்துவர் நோயைப் பெயர் சொல்லிக் குறித்திருக்க வேண்டும். மூச்சுக்குழாய்ச் சிறுகுழல்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயில் ஸ்கேனும் ஊதுபரிசோதனையும் சரியாக இருப்பதாகவே காட்டலாம். சிலருக்கு நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு வெவ்வேறு மூன்று நாளில், நாளுக்கு இரண்டு முறையாவது அளந்த குறிப்பு வேண்டும். மாத்திரையால் அழுத்தம் அடங்கியிருந்து, பழைய அளவில் கீழ் எண் 100ஐத் தொட்ட பதிவும் இல்லையென்றால் தொடர்பை ஒப்புக்கொண்டு, இயலாமை 0 சதவீதம் என்று போட்டுவிடுவார்கள். ஆகவே மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய சீட்டைத் தேடி எடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் இந்தச் சதவீதக் கணக்கும் குழப்பும். 50உம் 30உம் சேர்ந்தால் 80 அல்ல. முதல் 50 போக மிச்சமிருக்கும் 50இல்தான் 30 சதவீதம், அதாவது 15. மொத்தம் 65, அதை 70 ஆக்குவார்கள்.

அழைத்த மருத்துவப் பரிசோதனைக்குத் தகுந்த காரணமின்றிப் போகவில்லையென்றால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். முதல் விண்ணப்பத்துக்கு உதவ யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. முன்னாள் படைவீரர் சங்கங்களின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே எழுதித் தருவார்கள். பட்டியல் வருமுன் மறுக்கப்பட்டவர்கள் 20-0995 படிவத்தில் மறுபடி கேட்கலாம். வீரர் இறந்துவிட்டிருந்தால் அவர் மனைவியும் கேட்கலாம். முன்பு கேட்டு இல்லையென்று சொல்லப்பட்டிருந்தாலும் கேட்கலாம்.