அசெம்பிள் செட்டுக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, பெரியப்பா வீட்டு மாடி அறையிலோ ஒரு ஆம்ப்ளிஃபயர் கிடக்கலாம். கம்பெனிப் பெயர் இருக்காது. முன்பக்கம் ஒரு அலுமினியத் தகடு, அதில் நாலு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு. யாரோ கையால் கட்டியது. எண்பதுகளில் சென்னையில் பலருக்கு இது ஒரு பித்து. சனிக்கிழமை ஆனால் ரிச்சி தெரு. டிரான்சிஸ்டரும் கண்டென்சரும் காகிதப் பொட்டலத்தில் வாங்கி வந்து, ராத்திரி பதினோரு மணிவரை ஈயப் புகையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பிழைப்பு வேறு, பித்து இது. இத்தனை வருடத்தில் கட்டியிருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், விற்றும் இருக்கிறேன்.

அப்படி ஒரு செட்டை விற்கும்போது என்ன விலை சொல்வது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

கம்பெனிச் சாமானில் இந்தச் சிக்கல் இல்லை. பழைய மாருதி 800 என்ன விலை போகும் என்று நாலு பேரைக் கேளுங்கள், ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்வார்கள். பெயருள்ள ஆம்ப்ளிஃபயருக்கும் அப்படி ஒரு ஊர் விலை உண்டு. கையால் கட்டியதற்குக் கிடையாது. அதனால் கட்டியவர் தன் செலவையெல்லாம் கூட்டிச் சொல்வார். வாங்க வருகிறவர் காயலான் கடை விலையிலிருந்து ஆரம்பிப்பார்.

என் கதையையே சொல்கிறேன். ஜான் லின்ஸ்லி ஹூட் என்ற ஆங்கிலேயர் 1969-ல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பை வெளியிட்டார். பத்து வாட்தான். கிளாஸ் ஏ என்பார்கள். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம் தின்னும். ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு 10 வாட் சத்தம் வேண்டுமென்றால் 30 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதை எட்டு மாதம் உட்கார்ந்து கட்டினேன். மே மாதத்தில் போட்டால் அறைக்குள் இருக்க முடியாது. “இதன் மேல் அப்பளம் சுடலாம்” என்பாள் என் மனைவி. ஆனால் அதில் வயலின் கேட்க வேண்டும். சரி, அந்தப் பேச்சை எடுத்தால் நேரம் போய்விடும்.

வீடு மாறும்போது அதை விற்க வேண்டி வந்தது. 9,000 ரூபாய் சொன்னேன். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, என்னைக் கேட்காமலே மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “சார், இதுல எனக்கு ஆகுற சாமான் மூணுதான். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், இந்தப் பெரிய கண்டென்சர். 2,800 தரேன்” என்றார். எட்டு மாத உழைப்பு ஐயா என்றேன். “ரிப்பேர் ஆனா யார்கிட்ட சார் எடுத்துட்டுப் போறது?” என்றார். என்னிடம் கொண்டு வாருங்கள் என்றேன். “நீங்க ஊர்ல இல்லைனா?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 3,200-க்கு முடித்தோம். இரண்டு வாரம் கழித்து ஒரு நடைபாதைக் கடையில் அதே டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தேன். மஞ்சள் டேப்பின் மேல் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

அன்றைக்கு அவர் மேல் கோபம்தான். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. கட்டினவன் இல்லாவிட்டாலும் இது ஓடுமா? விலை அதில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் விலை போடுவது இப்படி. முதலில் செட்டைப் பிரித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பேன். அது அடிமட்டம், அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கும், காசும் அதில்தான். செம்புக் கம்பியில் சுற்றியதா, அலுமினியத்திலா என்று முனையைச் சுரண்டிப் பார்த்துவிடுங்கள். விலை அதிலேயே மாறிவிடும். மேலே 24-0-24, 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதாவது 48 வோல்ட், 5 ஆம்பியர், பெருக்கினால் 240. அதை வைத்துக்கொண்டு 500 வாட் செட் என்று ஒருவர் சொன்னால், மீதி எங்கிருந்து வரும்? வழக்கமான 8 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 50 வாட் சுத்தமாக வந்தால் சந்தோஷப்படலாம். பி.எம்.பி.ஓ. என்று விளம்பரத்துக்காக ஊதிய கணக்கில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டு டப்பா விற்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

பெரிய கண்டென்சர்களுக்கு 15, 20 வயதாகிவிட்டால் நான் பூஜ்யம்தான் போடுவேன். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்திருக்கும், ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். புதிதாக மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிடுங்கள். பவர் டிரான்சிஸ்டர்களில் போலிகள் நிறையப் புழங்குகின்றன, மேலே அச்சடித்த நம்பரை நம்பி விலை ஏற்ற வேண்டாம்.

அப்புறம், ஆர்.சி. புத்தகம். வண்டிக்கு அது மாதிரி செட்டுக்குச் சர்க்யூட் படம். ஒருமுறை காலமான ஒருவரின் செட்டை விற்றுத்தரச் சொல்லி அவர் மனைவி கேட்டார். மூடியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறையில் மடித்து ஒட்டிய ஒரு தாள். சர்க்யூட் முழுவதும் மையால் வரைந்து, ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்திருந்தார். ஓரத்தில், எந்தத் தேதியில் எந்த ரெசிஸ்டரை மாற்றினார் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல். எந்த மெக்கானிக் கையிலும் அதைக் கொடுக்கலாம். நான் மனதில் போட்ட அடிமட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்குப் போனது. வாங்கியவர் செட்டைப் போட்டுக்கூடக் கேட்கவில்லை, தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார். உங்கள் செட்டைக் கட்டியவர் இன்னும் உயிரோடு இருந்தால், விலை பேசுவதற்கு முன் அவரை உட்காரவைத்து அந்தப் படத்தை வரைந்து வாங்கிவிடுங்கள்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த வால்வு செட் என்றால் இன்னொரு கழித்தலும் உண்டு. உள்ளே 400 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். மூன்று பின் வயர், எர்த், ஃபியூஸ் இவை ஒழுங்காக இல்லாவிட்டால் அதைச் சரிசெய்து பிறகு விலை சொல்லுங்கள். நீங்களே கையை விட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைத்தேன். கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரின் கோனை, அதாவது கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் வளையம் மாற்றும் கூலியைக் கழிக்க வேண்டும். பெட்டி மரத்துக்குத் தனி விலை பெரும்பாலும் கிடைக்காது, தேக்கு பிளைவுட்டாகவே இருந்தாலும். இரண்டு பெட்டிகளையும் சேர்த்தே விற்றுவிடுங்கள், ஒற்றையாக விற்றால் மற்றது பூந்தொட்டி வைக்கத்தான் ஆகும். வண்டி வாடகை யார் கொடுப்பது என்பதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

டர்ன்டேபிளைப் பற்றி எழுதி வந்த பக்கம் கையிலேயே இருக்கிறது, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.