பெரியது முந்தும், சின்னது பிந்தும்: கொலத்துக்குள் என்ன நடக்கிறது?

[திரையில்: பலாலி வீதி, காலை நேரம். ஒரு பஸ், பின்னால் சைக்கிள்கள்.]

வணக்கம். இந்தப் பஸ்ஸும் சைக்கிள்காரரும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். பஸ்ஸுக்கு ஒழுங்கை பிடிக்காது. நேரே திருநெல்வேலிச் சந்திக்குப் போய்விடும். சைக்கிள்காரர் கண்ட ஒழுங்கைக்குள் எல்லாம் நுழைந்து நுழைந்து, ஆறுதலாக வந்து சேர்வார்.

மூலக்கூறுகளைப் பருமன்படி பிரிக்கிற சைஸ் எக்ஸ்குளூஷன் குரோமற்றோகிராபியும் இதுதான். மா அரிக்கும் அரிதட்டை நினைத்துக்கொண்டு வந்தால் குழம்பிவிடுவீர்கள். அங்கே சின்னது முதலில் விழும், இங்கே பெரியது முதலில் வரும்.

[திரையில்: கொலத்தின் குறுக்குவெட்டு, துளையுள்ள மணிகள்.]

கொலம் என்றால் திரவம் ஓடுகிற ஒரு குழாய். அதற்குள் நிறைய, துளையுள்ள நுண்ணிய மணிகள். துளைக்குள் புக முடியாத மூலக்கூறு, மணிகளுக்கு இடையிலுள்ள திரவத்தோடு வெளியே போய்விடும். 24 மில்லிலீற்றர் கொலம் என்றால் ஏறத்தாழ 8 மில்லிலீற்றர் திரவம் வெளியே வந்ததுமே அது தலைகாட்டும். உப்பு மாதிரிச் சின்னது ஒவ்வொரு துளையையும் எட்டிப்பார்த்துவிட்டு 20 மில்லிலீற்றர் அளவில் வரும். புரதங்கள் இடையில். 1959இல் சுவீடனின் உப்சாலாவில் போராத், புளோடின் என்ற விஞ்ஞானிகள் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி ஜெல்லை வைத்து இப்படித்தான் புரதத்திலிருந்து உப்பைப் பிரித்துக் காட்டினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எந்த மூலக்கூறும் 24 மில்லிலீற்றரைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் அது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குற்றவாளி பெரும்பாலும் நாம் ஓடவிட்ட திரவம், அதாவது நகரும் அவத்தை.

மற்றக் குரோமற்றோகிராபிகளில் இந்தத் திரவம்தான் பிரிக்கிற வேலையில் பாதியைச் செய்யும். இங்கே அது பேசாமல் இருக்க வேண்டும். நாம் பிரிக்கப் போடுகிற மாதிரியைக் கரைத்து வைத்திருக்க வேண்டும், மணியில் ஒட்டவிடக் கூடாது, அவ்வளவுதான். பொலிஸ்டைரீன் போன்ற பொலிமருக்கு டெட்ராஹைட்ரோபியூரான் என்ற கரைப்பான் போதும். புரதம்தான் வில்லங்கம் பிடித்தது.

சிலிக்கா மணியின் மேற்பரப்பில் மறை ஏற்றம் உண்டு. நேர் ஏற்றமுள்ள புரதம் அதில் ஒட்டிப் பிந்தும். மறை ஏற்றமுள்ளது துளைக்குள் போகவே பயந்து முந்தும், பார்க்கிறவருக்குப் பெரிய புரதம் மாதிரித் தெரியும். இரண்டுமே பொய்க் கணக்கு. அதனால் இந்த ஏற்றங்களை மறைக்க, பிஎச்சை மாறாமல் வைத்திருக்கிற பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசலில் 150 மில்லிமோல் சோடியம் குளோரைட்டு, லீற்றருக்கு 8.8 கிராம் அளவில், சேர்க்கிறோம். கூடக் கொட்டினால் புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதிகள் மணியைப் பிடித்துக்கொள்ளும். சொதிக்கு உப்புப் போடுகிற கதைதான், கை அளவு தெரிய வேண்டும். பிஎச் 7ஐ ஒட்டி வையுங்கள். 8ஐத் தாண்டினால் சிலிக்காவே கரையத் தொடங்கும்.

[திரையில்: மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள்.]

சரி, இப்போது நம்மூர்ப் பிரச்சினை. இடது குவளையில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், வலதில் அயன் நீக்கிய நீர். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி டைசோடியம் பொஸ்பேற்று போட்டுக் கலக்குகிறேன். பாருங்கள், இடதுபக்கம் பால் கலந்த மாதிரி மங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தந்த கல்சியம், பொஸ்பேற்றோடு சேர்ந்து படிகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுவும் இதே கல்சியம் செய்கிற வேலைதான். இந்தத் தூள் கொலத்தின் வாயில் போய் இருந்தால் அமுக்கம் ஏறும், கொலம் போச்சு. நல்ல நீரில் செய்த கரைசலையும் 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, காற்றை அகற்றித்தான் ஓட்ட வேண்டும்.

மாதிரி 0.5 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். வேகத்தையும் கூட்டாதீர்கள், மூலக்கூறுகளை யாரும் துளைக்குள் தள்ளுவதில்லை, தாமாக அலைந்துதான் உள்ளே போகின்றன.

வேலை முடிந்து 20 சதவீத எதனோலில் கொலத்தை வைக்கிறீர்களா? அதற்கு முன் வெறும் நீரை ஓட்டிப் பொஸ்பேற்றைக் கழுவிவிடுங்கள், எதனோல் பட்டால் அது உள்ளேயே படியலாம். எதனோல் கலந்த நீர் தடிப்பானது, அதனால் அப்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.