தட்டிப் பார்க்காமல் பானை வாங்கலாமா?

நடுவர் அவர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம்.

நல்ல கைவினைஞரையும் கலைஞரையும் கண்டுகொள்ள ஏற்ற இடம் சந்தையும் திருவிழாவுமா, கைபேசியா என்பது தலைப்பு. நாங்கள் சந்தைப் பக்கம். எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "விரலால் தள்ளினால் ஆயிரம் பானை வருகிறது, நாலு பக்கமும் படம் தெரிகிறது" என்றார். வரட்டும். அந்த ஆயிரத்தில் எதை ஐயா தட்டிப் பார்த்தீர்கள்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையோ, உங்கள் ஊர் வாரச் சந்தையோ, பானைக் கடை கண்டால் நில்லுங்கள். வாயைப் பிடித்துத் தூக்கி, விரல் முட்டியால் வயிற்றில் தட்டுங்கள். 'ணங்' என்றால் நன்றாக வெந்த பானை. 'பொத்' என்றால் வேக்காடு பத்தவில்லை, இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓடியிருக்கிறது. அடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். கடுகளவு, மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது மண்ணில் கலந்த சுண்ணாம்புக்கல். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டதும் உப்பி, மேல்தோலைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். மினுமினுப்பாகச் சாயம் பூசிய சட்டியா? பூ வைக்கலாம், புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

செய்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் பழக்கும் முறையும் கேட்கலாம். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சி, தானாக ஆறவிட வேண்டும். இப்படி 2, 3 முறை. கஞ்சிப் பசை நுண்துளைகளை அடைக்கும், கசிவு குறையும். சூட்டோடு ஈரத்தரையில் வைத்தால் விரிசல்தான். சோப்புப் போட்டால் மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த குழம்பில் கக்கும்.

மூங்கில் முறத்துக்குச் சோதனை இன்னும் எளிது. வெள்ளைத் துணி மேல் வைத்துத் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் உளுத்துவிட்டது.

அரூர்ப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் போடும் பூத்தையல் இணையத்திலும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே பெயரில் எந்திரத் தையலை விற்றால் எப்படிப் பிடிப்பீர்கள்? படத்தில் முன்பக்கம்தானே சிரிக்கிறது! துணியைப் புரட்டுங்கள். கைத்தையலில் முடிச்சு இருக்கும், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய நூல் இருக்கும். எந்திரத் தையலில் அடியில் வேறொரு நூல், பெரும்பாலும் வெள்ளை, ஒரே சீராக ஓடும். சாயம் நிற்குமா என்று பார்க்க, ஈரக் கைக்குட்டையை ஓரத்தில் தேய்த்தால் போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

பொருளை விடுங்கள், கலைஞருக்கு வருகிறேன். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் துரியோதனன் மடியும் படுகளக் கூத்துக்கு அவன் உருவத்தை மண்ணால் படுக்கவைத்து வனைகிறார்களே, அதை எந்தக் கூடையில் போட்டு வாங்குவீர்கள்? கூத்து முடிந்தால் உருவம் கலைந்துவிடும். அந்த மண்ணையும் சனங்கள் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கை வேலையைப் பார்க்க வேண்டுமானால் உருவம் எழும்பும்போதே போய் நிற்க வேண்டும். கூத்துக்காரரின் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் அப்படித்தான். மேடையில் தங்கம் மாதிரி மின்னும்; வேடம் கட்டும் இடத்தில் கையில் வாங்கிப் பார்த்தால் இலேசான மரமும் ஒட்டிய கண்ணாடிச் சில்லும். யார் செதுக்கியது என்று அங்கேயே கேட்டால் ஊர்ப் பெயரோடு சொல்வார்கள். ஆனால் ஒன்று: வேடம் கட்டும் நேரத்தில் கேட்காதீர்கள். அரிதாரம் பூசும் முன்போ, விடிந்த பிறகோ கேளுங்கள்.

"உடைந்தால் திருப்பி அனுப்பலாம்" என்றார் எதிரணி அம்மையார். அம்மா, உடைந்த பானைக்குப் பணம் திரும்பும். பொங்கலுக்குள் பானை திரும்புமா? இங்கே தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்து, வைக்கோல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. உட்கார்ந்துவிடுகிறேன். அந்த மணியை வாங்கும்போது மட்டும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?