நெஞ்சு வலியோடு போய் ரிசப்ஷன் வரிசையில் நிற்கலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் போடுங்க, அட்வான்ஸ் கட்டுங்க' என்றார். அதிலேயே 20 நிமிடம் போய்விட்டது. அந்தப் பெண் பெயரைப் போட்டுப் புகார் கொடுக்கலாமா?"

தம்பி, அம்மா இப்போது நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தைரியத்தில் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். நெஞ்சு வலிக்கு ரிசப்ஷன் வரிசையில் நிற்கவே கூடாது. நேராகக் காஷுவாலிட்டிக்குள் போய்விடுங்கள். பதிவு போடுவதைக் கூட வந்தவர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். உங்களுக்குக் கவுன்டரிலேயே அதைப் போல இரண்டு மடங்கு போயிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது விபத்தில் அடிபட்டவர்களைப் பற்றிய வழக்கு. போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ உயிரைக் காப்பாற்றுவது அவர் கடமை என்றது நீதிமன்றம். சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் 2021இலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் மருத்துவமனையாக இருந்தால், தனியாரே ஆனாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை வரை அரசே கொடுத்துவிடும்.

சரி, அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவோம். நானும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். "டாக்டர் எப்ப வருவார்?" என்று ஒரு நாளைக்கு நூறு பேராவது கேட்பார்கள். டாக்டர் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்கே தெரியாது. வேறு மருத்துவமனையில் ஆபரேஷனில் இருப்பார். அதை வெளியில் சொல்லக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு. "வந்துடுவார், உட்காருங்க" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இருக்காது. டிஸ்சார்ஜும் இப்படித்தான். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மருந்து ரிட்டர்ன், சம்மரி, பில், காப்பீட்டு ஒப்புதல் எல்லாம் முடிய சாயங்காலம் ஆகும். திட்டெல்லாம் எங்களுக்கு. காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் பில் ஏறினால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024இல், காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது. ஆகவே கவுன்டரில் சண்டை போடாமல், "இன்ஷூரன்ஸுக்கு பில் எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வி அதுதான்.

ஆனால் வாய் எங்களுடையதுதானே. பேன்ட் சட்டை போட்டு வந்தவரை "சார், சொல்லுங்க" என்போம். வேட்டி கட்டி மஞ்சள் பையோடு வந்தவரை "இந்தா பெரியவரே, அங்க போய் உட்காரு" என்போம். இதை எந்த நிர்வாகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இருபது பேர் காதில் விழ, "என்ன ப்ராப்ளம், எத்தனை நாள் தள்ளிப் போச்சு?" என்று ஒரு பெண்ணிடம் கத்திக் கேட்டதும் நாங்கள்தான்.

ஒரு நாள் ஒரு தாத்தா "எலும்பு டாக்டர் எங்கம்மா?" என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நான் போர்டைக் கையால் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. லிஃப்டில் கீழே இறங்கி, ஸ்கேன் அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் தாண்டிவிட்டது. திரும்பி வந்து என்னைத் திட்டக்கூட இல்லை. "மறுபடி சீட்டு போடணுமாம்மா?" என்றுதான் கேட்டார். அந்தக் காசை நான் என் கையிலிருந்து கட்டினேன், அது பெரிய விஷயமில்லை. அவரைக் கொண்டுபோய் விட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

புகார் கொடுங்கள் தம்பி, தாராளமாகக் கொடுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தீர்கள், நெஞ்சு வலி என்று யாரிடம் சொன்னீர்கள், எப்போது அட்வான்ஸ் கட்டினீர்கள், எப்போது ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இந்த நேரங்களை வரிசையாக எழுதுங்கள். பில்லிலும் ஈ.சி.ஜி. தாளிலும் நேரம் அச்சாகியிருக்கும், ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். வெறுமனே அந்தப் பெண் பெயரை மட்டும் எழுதினால் அவளை ஃபார்மசி கவுன்டருக்கு மாற்றிவிட்டு, 'அட்வான்ஸ் முதலில்' என்கிற உத்தரவை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அந்த உத்தரவைப் போட்டது யார் என்று கேட்டு எழுதுங்கள்.

அடுத்த கேள்வி லேப் ரிப்போர்ட் பற்றி, அதற்குப் போவோம்.