போன்ஃபயர் நைட்டுக்கு டாஃபி ஆப்பிள்: பாகு பதத்தில்தான் எல்லாம்

[காட்சி: இரவு. மைதானத்தில் பெரிய நெருப்பு. குச்சியில் செருகிய பளபளப்பான ஆப்பிள்.]

வணக்கம். அக்டோபர் 31 ஹாலோவீன், நவம்பர் 5 போன்ஃபயர் நைட். இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தின் பெரிய கொண்டாட்டங்கள் இவை. 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்து, கய் ஃபாக்ஸ் பிடிபட்டார். அதை நினைத்து இன்றும் ஊருக்கு ஊர் நெருப்பு மூட்டி வாணவேடிக்கை விடுகிறார்கள். புது ஆப்பிள் வந்து குவியும் பருவமும் இதுதான். அந்தக் குளிரில் கடித்துத் தின்ன, குச்சியில் செருகிச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த டாஃபி ஆப்பிளைப் போல வேறொன்று இல்லை.

[காட்சி: மேசையில் பொருட்கள்.]

சின்ன ஆப்பிள் 6, சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 100 மி.லி., கோல்டன் சிரப் (சர்க்கரையிலிருந்து செய்யும் பொன்னிறப் பாகு) 4 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன். ஆப்பிள் புளிப்பாக இருக்கட்டும். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் நல்ல தேர்வு. இனிப்பு ஆப்பிளுக்கு மேல் இனிப்புப் பாகு என்றால் இரண்டு கடியிலேயே திகட்டிவிடும்.

[காட்சி: ஆப்பிள் மேல் வெந்நீர் ஊற்றுகிறோம்.]

கடை ஆப்பிளில் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். அதன் மேல் பாகு ஒட்டாமல் வழிந்துவிடும். கொதிக்கும் நீரை ஊற்றி, துணியால் நன்றாகத் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். காம்பைத் திருகி எடுத்துவிட்டு அந்த இடத்தில் குச்சியைச் செருகுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே முக்க வேண்டாம். குளிர்ந்த தோலில் நீர் வியர்த்து, பாகு குமிழ் குமிழாகிவிடும்.

[காட்சி: அடுப்பில் பாகு கொதிக்கிறது.]

இப்போது பாகு. சர்க்கரையும் தண்ணீரும் மிதமான தீயில் முழுதாகக் கரையட்டும். பிறகு சிரப்பும் வினிகரும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இதற்கு மேல் கரண்டி போடவே கூடாது. கிளறினால் சர்க்கரை மறுபடி மணலாகப் பூத்துவிடும். வினிகர் சேர்ப்பதும் அதைத் தடுக்கத்தான். அதன் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. கலந்து கிடக்கும் அவை சர்க்கரையைப் படிகமாகச் சேர விடுவதில்லை.

நீர் ஆவியாக ஆவியாகப் பாகின் சூடு ஏறும். நமக்கு வேண்டியது 150 டிகிரி செல்சியஸ். முதல் முறை செய்தபோது 130-லேயே பொறுமையிழந்து இறக்கிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பல்லில் பசையாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கடைசி 20 டிகிரிக்குக் காத்திருங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? கடலை மிட்டாய்க்குப் பார்க்கிற அதே சோதனைதான். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விடுங்கள். எடுத்து வளைத்தால் வளையக் கூடாது, 'டக்' என்று ஒடிய வேண்டும். பதம் வந்த பிறகு அடுப்பில் விட்டால் சட்டென்று கருகிக் கசக்கும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிள்ளைகளை இந்த நேரத்தில் தள்ளி நிறுத்துங்கள். கொதிநீரைவிடச் சூடான இந்தப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் அருகில் இருக்கட்டும்.

[காட்சி: ஆப்பிளை முக்கிச் சுழற்றுகிறோம்.]

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைச் சாய்த்து, ஆப்பிளை ஒரே சுற்றாகச் சுழற்றி எடுங்கள். மிச்சப் பாகு வடிந்ததும் பேக்கிங் தாளில் நிறுத்துங்கள். பாகு இடையில் இறுகினால் லேசாகச் சூடாக்கினால் போதும். சில நிமிடங்களில் கண்ணாடி போல ஆகிவிடும்.

அன்றைக்கே சாப்பிடுங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும், மறுநாளே பிசுபிசுக்கும். குச்சித் துளையில் கசியும் சாற்றையும் லேசாக நினைக்காதீர்கள், அதில் கிருமி வளரலாம். அமெரிக்காவில் 2014-இல் பாக்கெட்டில் விற்ற கேரமல் ஆப்பிளால் 35 பேருக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. செய்ததை நாள்கணக்கில் வெளியே வைக்காதீர்கள்.

[காட்சி: பாகு உறைந்த பாத்திரம்.]

இந்தப் பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள், எல்லாம் கரைந்து வந்துவிடும்.