கணையம் கேட்கும் பருப்பு

வேலூர், குடியாத்தம், ஆரணி, போளூர்ப் பக்கத்து நேயர்களுக்கு வணக்கம். பலர் இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். சாப்பாடு இரைப்பையைத் தாண்டியதும் கணையத்துக்கு வேலை வந்துவிடும். நூறு கிராம் தேறினால் பெரிது, அவ்வளவு சின்ன உறுப்பு. சர்க்கரை நோய் வந்தால்தான் நாம் அதை நினைக்கிறோம். ஆனால் இன்சுலின் சுரக்கும் பகுதி அதில் ஒரு சிறு பங்குதான். மீதியெல்லாம் செரிமான என்சைம் செய்யும் இடம்.

என்சைம் என்பதே புரதம்தான். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 வகையை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வரவேண்டும். ஆக, இன்றைய பருப்பின் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற என்சைமைச் செய்யவே முன்பு சாப்பிட்ட பருப்பு வேண்டும். நான் எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்வேன். இங்கேயும் இன்னொரு தரம் சொல்லத்தான் போகிறேன்.

கணையம் தினமும் ஒரே கலவையைச் சுரப்பதில்லை. பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு உலை வைக்கும் சமையற்காரர் மாதிரி அது. 1943-இல் கிராஸ்மன், கிரீன்கார்ட், ஐவி என்ற மூவர் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த தீனியில், அதைச் செரிக்கும் அமைலேஸ் என்ற என்சைம் கூடியது. பால் புரதமான கேசீன் மிகுந்த தீனியில் டிரிப்சின் கூடியது.

போளூர்ப் பக்கம் என் சித்தப்பா கோழி வளர்த்தார். தீவனச் செலவு மிச்சமாகட்டும் என்று சோயாவைப் பச்சையாகவே அரைத்துப் போட்டார். குஞ்சுகள் நன்றாகத் தின்றன, வளரத்தான் இல்லை. “நீ படிச்சவன்தானே, என்னன்னு பாருப்பா” என்றார். செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தேன். குடலின் முதல் வளைவுக்குள் கணையம் நன்றாகவே பெருத்திருந்தது. “பெருசா இருந்தா நல்லதுதானே?” என்று கேட்டார் சித்தப்பா. அவர் கேட்டதில் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

பச்சை சோயாவில் டிரிப்சினைப் பிடித்து முடக்கும் ஒரு பொருள் இருக்கிறது. டிரிப்சின் பற்றவில்லை என்று கணையத்துக்குச் சேதி போகிறது. அது இன்னும் செய்கிறது, இன்னும் செய்கிறது, வீங்குகிறது. அந்த என்சைமெல்லாம் எச்சத்தோடு வெளியே போய்விடுகிறது, கூடவே அவற்றில் இருந்த அமினோ அமிலங்களும். தீவனத்தில் ஏற்கெனவே குறைவாக இருந்த மெதியோனின் என்ற அமினோ அமிலத்துக்கு இதனால் இன்னும் தட்டுப்பாடு. “வறுத்துப் போடுங்க சித்தப்பா” என்றேன். சூடு பட்டால் அந்த முடக்கும் பொருளின் வீரியம் போய்விடும்.

நம் கொள்ளு, மொச்சை, காராமணியிலும் இந்தச் சங்கதி உண்டு. நமக்கும் கோழி மாதிரிக் கணையம் வீங்கும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பயறு நன்றாக வேகட்டும். முளைகட்டிய கொள்ளைப் பச்சையாகத் தினமும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதை நான் ஏற்கமாட்டேன்.

புரதம் கடுமையாகக் குறைந்த குழந்தைகளுக்குக் கணையம் சுருங்கி, என்சைமும் குறைந்துவிடும். நல்ல உணவு கொடுத்தால் பெரும்பாலும் மீளும். மறுபடி சொல்கிறேன், பருப்பைச் செரிக்கவே பருப்பு வேண்டும். அதிலும் சேர்மானம் முக்கியம். நம் பக்கம் கேழ்வரகுக் களிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையல் பிரமாதம், நானே விடமாட்டேன். ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் இரண்டிலுமே குறைவு. களியோடு காராமணிக் குழம்போ பருப்புக் கடைசலோ வைத்தால் அந்தக் குறை தீரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, இரண்டே வரி. ஃபினைல் அலனின் போன்ற சில அமினோ அமிலங்கள் சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பி, கணையத்தைச் சுரக்கச் சொல்கிறது. லூசின் இன்னும் சுவாரசியம், என்சைம் செய்யும் வேலையையே செல்லுக்குள் முடுக்கிவிடுவது அது. அதை விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை. வணக்கம்.